பந்தல்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை

முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் கோப்புகளுக்கு நடுவே தூங்கி ஓய்வுபெறுகிறவருக்குக்கூட நம் ஊரில் ஒரு மாலை உண்டு, ஒரு பொன்னாடை உண்டு, ‘அன்னார் ஆற்றிய அரும்பணி’ என்று தொடங்கும் நாலு பொய்யும் உண்டு. பிரிட்டனின் தனியார் ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. மேளம் இல்லை, மைக்செட் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பால்காரர் வரும் நேரத்தில் சத்தமில்லாமல் அதை வழியனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

2025 மே 25. காலை 5.36 மணி. வோக்கிங் நிலையத்திலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு ஒரு வண்டி. புதிய சட்டத்தின்படி பொதுவுடைமைக்குத் திரும்பிய முதல் நிறுவனம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே; அதன் முதல் வண்டி இது. தண்டவாளத்தில் வேலை நடந்ததால் பயணத்தின் ஒரு பகுதியைப் பஸ்ஸில் ஏற்றி முடித்துவைத்தார்கள். சொந்த வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கே குழாயில் தண்ணீர் வராத மாதிரி.

இதே வாட்டர்லூ தடத்தில்தான் அன்றைக்குக் கைமாறியதும். 1996 பிப்ரவரி 4, அதுவும் ஞாயிறு, காலை 5.10-க்கு டிவிக்கென்ஹாமிலிருந்து கிளம்பியது தனியார் குத்தகையில் ஓடிய முதல் ரயில். காலை 5.10-க்குப் போனது, காலை 5.36-க்குத் திரும்பியிருக்கிறது. ஆக மொத்தம் 29 ஆண்டு, 3 மாதம், 21 நாள், 26 நிமிடம் தாமதம். பிரிட்டனில் ரயில் தாமதமானால் பயணிக்கு இழப்பீடு உண்டு. இந்தத் தாமதத்துக்கு எந்தக் கவுண்டரில் படிவம் கொடுக்கிறார்கள் என்று யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இருக்கட்டும். அவர்கள் நடத்தாத விழாவை நான் நடத்திவிடுகிறேன். இடம், வாட்டர்லூ நிலைய முற்றம். முறை, நம் ஊர் முறை. பந்தல், நாற்காலி, மைக்செட் எல்லாம் வாடகைக்கு எடுத்தாயிற்று. பந்தல்காரர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கடைசியில் அறிமுகம் செய்கிறேன். அழைப்பிதழில் பெயர் உள்ளவர்கள் வரிசையாக மேடைக்கு வரவும். தள்ளுமுள்ளு வேண்டாம், பொன்னாடை எல்லோருக்கும் இருக்கிறது.

முதல் பொன்னாடை: பாகம் பிரித்தவர்களுக்கு

1993-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தைக் கொண்டுவந்த ஜான் மேஜர் அரசு மேடைக்கு வரட்டும். தொலைபேசி, எரிவாயு, தண்ணீர், மின்சாரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் விற்ற மார்கரெட் தாட்சரே பிரிட்டிஷ் ரயிலை விற்கத் துணியவில்லை. அந்த அம்மையாருக்கே வராத துணிச்சல் அடுத்து வந்தவருக்கு வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே ராபர்ட் அட்லி என்ற எம்.பி. இது சக்கரம் வைத்த தலைவரி என்று எச்சரித்தார். தலைவரி என்ன செய்யும் என்று அந்தக் கட்சிக்குத் தெரியும். தாட்சரின் நாற்காலியைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு அதற்கு. தெரிந்தும் போனார்கள்.

1948 ஜனவரி 1 முதல் நாட்டுக்குச் சொந்தமாக இருந்த ஒரே நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக அரியப்பட்டது. தண்டவாளம், சிக்னல், நிலையம் எல்லாம் ரயில்ட்ராக் என்ற கம்பெனிக்கு. பெட்டிகள் மூன்று வாடகைக் கம்பெனிகளுக்கு. வண்டி ஓட்டும் வேலை 25 குத்தகைகளாக. பழுது பார்ப்பது ஒப்பந்தக்காரருக்கு. அவரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கு. கூட்டுக் குடும்பம் பாகம் பிரித்தபோது அடுப்பை அண்ணன், பானையை நடுவன், விறகைத் தம்பி தூக்கிக்கொண்டு போன கதைதான். சோறு எங்கே என்றால் மூவரும் மற்ற இருவரையும் கைகாட்டினார்கள். காசு கட்டிய விருந்தாளி இலை முன்னால் உட்கார்ந்தபடி இருந்தார்.

இதற்குப் போட்டி என்று பெயர் சூட்டினார்கள். போட்டி வந்தால் விலை குறையும், சேவை கூடும் என்றார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவன் ஊருக்கு ஒரே தண்டவாளம், அதில் பெரும்பாலும் ஒரே கம்பெனி. விலை கட்டவில்லை என்று அவன் எந்தக் கடைக்குப் போவான்? போட்டியில் பிறந்தது வேறொன்று. 2018 வாக்கில் ரயில் துறையே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது நாட்டில் 5.5 கோடி கட்டண வகைகள் இருந்தன. ஜனத்தொகையே ஆறு கோடிச் சொச்சம்தான். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் தலைக்கு ஒரு கட்டணம் வைத்து, அட்லி சொன்ன தலைவரியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கலாம்.

இரண்டாம் பொன்னாடை: அயல்நாட்டு அரசுகளுக்கு

அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். பிரிட்டனின் பொதுத்துறை எதுவும் ரயில் குத்தகை எடுக்கக் கூடாது என்றது அது. ‘பிரிட்டனின்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பிற நாட்டு அரசுகளுக்குத் தடை இருக்கவில்லை.

கதவு திறந்திருந்தது, வந்தார்கள். ஜெர்மனி அரசின் டாய்ச் பான் 2010-ல் அரைவாவை வாங்கிப் பிறகு வட இங்கிலாந்தின் வண்டிகளை ஓட்டியது. நெதர்லாந்து அரசு ரயில்வேயின் கிளையான அபெல்லியோ ஸ்காட்லாந்தை எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் அரசு ரயில்வேயின் கேயோலிஸ் லண்டனுக்குத் தெற்கே பங்குதாரர் ஆனது. இத்தாலி அரசின் ட்ரெனித்தாலியா லண்டனிலிருந்து எஸ்ஸெக்ஸ் கடற்கரைக்குப் போகும் தடத்தை வாங்கியது. ஹாங்காங் அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் எம்.டி.ஆர். இந்த வாட்டர்லூ தடத்தின் குத்தகையிலேயே 30 சதவீதப் பங்கு வைத்திருந்தது.

அரசுக்கு ரயில் ஓட்டத் தெரியாது என்பதுதானே மூலமந்திரம்? அந்த மந்திரத்தை ஓதிக்கொண்டே ஐந்து அரசுகளிடம் வண்டியைக் கொடுத்தார்கள். தெருவில் உள்ள அத்தனை பேரும் வந்து சமைக்கலாம், கல்லாவில் உட்காரலாம். வீட்டுக்காரி மட்டும் அடுப்படிக்குள் காலை வைக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்ட ஒரே குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

லாபம் கடல் தாண்டிப் போகிற இந்த வித்தை நமக்குப் பழக்கமானது. 1849-லிருந்து இந்தியாவில் ரயில் போட வந்த லண்டன் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரை லாபம் உறுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டி சம்பாதித்தால் சரி. சம்பாதிக்காவிட்டால் துண்டு விழுகிற தொகை இந்தியனின் வரிப்பணத்திலிருந்து போகும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வேயும் இந்தத் தொட்டிலில் பிறந்த பிள்ளைதான். லாபம் லண்டன்காரனுக்கு, நட்டம் ஆற்காட்டு விவசாயிக்கு. பிறகு வில்லியம் அக்வொர்த் என்ற ஆங்கிலேய நிபுணரின் குழு, இந்திய ரயில்களை அரசே நடத்தட்டும் என்று பரிந்துரைத்தது. ஊருக்குச் சொன்ன புத்தியை 1948-ல் தாங்களும் கடைப்பிடித்தார்கள். 1993-ல் பழைய வித்தை ஞாபகம் வந்துவிட்டது. வரி கட்ட ஆற்காட்டு விவசாயி கிடைக்காததால், சொந்த ஜனத்தையே குடியேற்ற நாடாக்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் பொன்னாடை: பறவை நீதிபதிகளுக்கு

இவர்கள் ஏறக்குறைய 400 பேர். மேடை தாங்காது, கீழேயே நிற்கட்டும்.

துண்டு துண்டாக அரிந்தபின், வண்டி தாமதமானால் நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. அதற்காகவே ஆள் வைத்தார்கள். தண்டவாள அமைப்புக்குச் சிலர், வண்டிக் கம்பெனிகளுக்குச் சிலர். ஒருவர் மேல் ஒருவர் பழியைத் தள்ளுவது மட்டுமே முழுநேர உத்தியோகம், மாதச் சம்பளம், ஓய்வூதியம். இதை யாரோ இடதுசாரி கிளப்பிவிட்ட புரளி என்று நினைக்க வேண்டாம். 2021-ல் கன்சர்வேட்டிவ் அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் வெளியிட்ட அரசுத் திட்ட அறிக்கையே சொல்லிச் சிரித்துக்கொண்டது.

அவர்கள் கட்டிப் புரண்ட வழக்குகளில் ஒன்று, ஃபெசன்ட் என்ற பறவையைப் பற்றியது. நம் காட்டுக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவை, கொஞ்சம் நீண்ட வால். ரயிலில் மோதிச் செத்தது சின்னப் பறவை என்றால் தாமதத்துக்கு வண்டிக் கம்பெனி பொறுப்பு. பெரிய பறவை என்றால் தண்டவாள அமைப்பு பொறுப்பு. ஃபெசன்ட் சின்னதா, பெரியதா? படித்தவர்கள், டை கட்டியவர்கள், மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து வாதாடினார்கள். நல்லவேளை, அந்த ஊர்க் காட்டில் மயில் இல்லை. தோகையை விரித்து அளப்பதா, மடித்து அளப்பதா என்று வழக்கு இன்றுவரை நடந்திருக்கும்.

சிரித்துவிட்டீர்களா? அந்தப் பறவையை மறந்துவிடாதீர்கள். அது திரும்பி வரும்.

நான்காம் பொன்னாடை: ஓடிப்போன குத்தகைதாரர்களுக்கு

ஊர்ப் பொதுக்குளத்தில் மீன்பாசி ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்தில் கை தூக்கும்போது இருக்கும் வீரம், மீன் குறைந்த வருஷம் பணம் கட்டும்போது இருக்காது. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ஈஸ்ட் கோஸ்ட் தடம் அப்படியொரு குளம். முதலில் எடுத்த ஜி.என்.இ.ஆர். தாங்க முடியாத தொகைக்கு ஏலம் கேட்டு 2007-ல் கையை விரித்தது. அடுத்து நேஷனல் எக்ஸ்பிரஸ். 2009-ல் அதுவும் நடையைக் கட்டியது.

வேறு வழியில்லாமல் ஊரே குளத்தில் இறங்கியது. 2009 நவம்பர் முதல் அரசு நிறுவனம் அந்தத் தடத்தை ஓட்டியது. ஐந்து வருஷச் சொச்சத்தில் ஏறக்குறைய 100 கோடி பவுண்டு கஜானாவுக்குக் கட்டியது. ஓட்டத் தெரியாத அரசு ஓட்டிக் காட்டிவிட்டது. கொள்கைக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? நன்றாக ஓடுகிற குற்றத்துக்காக 2015 மார்ச்சில் அதை மறுபடி ஏலம் விட்டார்கள். ஸ்டேஜ்கோச்சும் வர்ஜினும் கூட்டாக 330 கோடி பவுண்டு தருகிறோம் என்று எடுத்தார்கள். 2023 வரை குத்தகை. 2018 ஜூனிலேயே கதை முடிந்தது. மூன்றாவது முறையாகக் குளத்தில் மீன் இல்லை, இரண்டாவது முறையாக ஊர் இறங்கியது.

கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுகிறவன் மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே ஓடிப்போனவர்களுக்கு நாட்டின் வேறு குளங்களில் கை தூக்கத் தடை இருக்கவில்லை. ஆகவே பொன்னாடை. இரண்டாகப் போர்த்துங்கள்.

ஐந்தாம் பொன்னாடை: உண்மையைச் சொன்னவர்களுக்கு

2020-ல் பெருந்தொற்று வந்ததும் ஏல நாடகத்தின் திரையும் அறுந்து விழுந்தது. இனி டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் கவலை அரசுக்கு. கம்பெனிக்குக் கட்டணம் நிச்சயம். அதே 1849-ஆம் வருஷத்துத் தொட்டில். கூடுதலாக, நன்றாக ஓட்டினால் ஊக்கத்தொகையும் உண்டு.

2024 ஜனவரியில் ஒரு கூத்து வெளியே கசிந்தது. அடிக்கடி வண்டி ரத்தானதற்குப் பெயர் வாங்கிய அவந்தி வெஸ்ட் கோஸ்ட் கம்பெனிக்குள் மேலாளர்கள் காட்டிய படவில்லைகளில், அரசு தரும் இந்தப் பணத்தை ‘இலவசப் பணம்’ என்று திருவிழாக் கடைக்காரர் கூவுகிற பாணியில் கேலி செய்திருந்தார்கள். ஊரே கொதித்தது. நான் கொதிக்க மாட்டேன். முப்பது வருஷத்தில் அந்தத் துறையின் கணக்கை ஒரே வரியில் உண்மையாகச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான். அமைச்சர்கள் அறிக்கை அறிக்கையாக மறைத்ததை ஒரு படவில்லையில் போட்டு உடைத்திருக்கிறார்கள்.

ஆறாம் பொன்னாடை: பொறுமைக்கு

தொழிலாளர் கட்சி மேடைக்கு வரவும். தயங்க வேண்டாம், உங்களுக்குத்தான். 1993 கட்சி மாநாட்டில் ஜான் பிரெஸ்காட் முழங்கினார்: நாங்கள் ஆட்சிக்கு வந்தால் ரயில் மக்களிடம் திரும்பும். மண்டபம் அதிரக் கை தட்டியது. 1997-ல் ஆட்சிக்கு வந்தார்கள். பிரெஸ்காட்டே போக்குவரத்தையும் கவனிக்கும் துணைப் பிரதமர். டோனி பிளேருக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. அவர்களுடைய தேர்தல் அறிக்கை அதற்குள் சுருதி மாறி, ரயிலை உள்ள நிலையில்தான் ஏற்க வேண்டும் என்று சமாதானம் சொல்லியிருந்தது. 13 ஆண்டு ஆண்டார்கள். தண்டவாளத்தைத் தவிர வேறெதையும் நிரந்தரமாக மீட்கவில்லை. அதையும் ரயில்ட்ராக் திவாலாகி மடியில் விழுந்ததால் பிடித்துக்கொண்டார்கள்.

திருடனிடம் கோபப்படலாம். வீட்டுக்காவலுக்கு என்று ஓட்டு வாங்கிவிட்டு, திருடன் விட்டுப்போன கதவைச் சாத்தக்கூட எழுந்திருக்காத காவல்காரனை என்ன செய்வது? பொன்னாடைதான். சிவப்பு நிறத்தில்.

மாற்றுக் கருத்துக்கும் மேடை உண்டு

ஒரு பெரியவர் கை தூக்குகிறார். பேசட்டும். “தனியாருக்குப் போன பிறகு பயணங்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கின்றன. தொண்ணூறுகளின் நடுவில் 73 கோடி. தொற்றுக்கு முன் 170 கோடிக்கு மேல். பழைய பிரிட்டிஷ் ரயிலின் காய்ந்த சாண்ட்விச்சை மறந்துவிட்டீர்களா?” என்கிறார்.

எண்ணிக்கை சரிதான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். சாண்ட்விச்சும் காய்ந்ததுதான், அந்த நாட்டு நகைச்சுவைக்காரர்களுக்கு அரை நூற்றாண்டு சோறு போட்டது அது. ஆனால் லண்டனில் வேலை பெருகி, வாடகை தாங்காமல் ஜனம் ஊருக்கு வெளியே குடிபோய், சாலையில் கார் நகராமல் நின்றபோது வேறு எதில் போவார்கள்? மழைக்கு ஒதுங்க ஆள் கூடியதை வைத்து, திண்ணையைக் கட்டியது நான்தான் என்று குத்தகைக்காரர் சொல்லலாமா? கூட்டம் அப்படிக் கூடியும் அரசு மானியம் பழைய பிரிட்டிஷ் ரயில் வாங்கியதைவிடப் பெருகியதே தவிரக் குறையவில்லை. 2011-ல் அரசே நியமித்த மெக்நல்டி ஆய்வு, ஐரோப்பாவின் மற்ற ரயில்களோடு ஒப்பிட்டு, இங்கே செலவுத் திறன் 40 சதவீதம் வரை பின்தங்கியிருக்கிறது என்று எழுதியது. சாண்ட்விச் கொஞ்சம் ஈரமாகியிருக்கலாம். அதற்கு இவ்வளவு விலையா?

நாற்பத்தொன்பது நாற்காலிகள்

இடதுபுறம் ஒரு பகுதி காலியாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். 49 நாற்காலி. நான்தான் ஒதுக்கி வைக்கச் சொன்னேன்.

1997 செப்டம்பர், சவுத்தால்: 7 பேர். 1999 அக்டோபர், லாட்ப்ரோக் குரோவ்: 31 பேர். 2000 அக்டோபர், ஹாட்ஃபீல்ட்: 4 பேர். 2002 மே, பாட்டர்ஸ் பார்: 7 பேர்.

அரசு ரயிலிலும் செத்திருக்கிறார்கள். 1988-ல் கிளாப்ஹாமில் 35 பேர். விபத்து முதலாளி யார் என்று பார்த்து வருவதில்லை. இதை மறைத்துவிட்டு வாதாடினால் நானும் அந்தப் பறவை நீதிபதிகளில் ஒருவன்தான். ஆனால் லாட்ப்ரோக் குரோவில் ஓட்டுநர் கண்ணில் சரியாகப் படாத அந்த 109-ஆம் எண் சிக்னலை, அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் எட்டு முறை வண்டிகள் சிவப்பிலேயே தாண்டியிருந்தன. எட்டு முறையும் காகிதத்தில் எழுதினார்கள். ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் நுண்விரிசல் விட்டிருப்பது தெரியும். மாற்ற வேண்டும் என்பது தெரியும். மாற்றுத் தண்டவாளமும் ஏற்பாடாகியிருந்தது. ரயில்ட்ராக் ஒப்பந்தக்காரரைப் பார்த்தது, ஒப்பந்தக்காரர் ரயில்ட்ராக்கைப் பார்த்தார். மாற்றவில்லை. வண்டி வேகமாக வந்த ஒரு மதியம் அந்தத் தண்டவாளம் 300 துண்டுகளுக்கு மேல் சிதறியது. பாட்டர்ஸ் பாரில் நட்டுகள் கழன்றுபோயிருந்தன. பராமரிப்புக் கம்பெனியான ஜார்விஸ், இது நாசவேலையாக இருக்கலாம் என்று கூசாமல் சொன்னது. பொறுப்பை ஏற்க அதற்கு 2004 வரை பிடித்தது.

ஹாட்ஃபீல்டுக்குப் பிறகுதான் தெரிந்தது, ரயில்ட்ராக்குக்குத் தன் தண்டவாளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. அதன் பங்கின் நிலை நன்றாகத் தெரியும்: 1996-ல் 3.90 பவுண்டுக்கு விற்றது, 1998-ல் 17 பவுண்டைத் தாண்டியிருந்தது. பயந்துபோய் நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வண்டிகளை ஊர விட்டார்கள். கையில் காசில்லை என்று 2001 ஏப்ரலில் அரசிடம் 150 கோடி பவுண்டு வாங்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். அடுத்த மாதமே பங்குதாரர்களுக்கு 13 கோடியே 70 லட்சம் பவுண்டு ஈவுத்தொகை பிரித்தார்கள். சாவு விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கருமாதிக்கு என்று வசூலித்த காசில் மொய் எழுதியிருக்கிறார்கள்.

வழக்கு நடந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2005-ல் பாதுகாப்பு விதியை மீறியதற்காக பால்ஃபர் பீட்டி என்ற ஒப்பந்த நிறுவனத்துக்கு 1 கோடி பவுண்டு அபராதம். மேல்முறையீட்டில் அதுவும் 75 லட்சமாகக் குறைந்தது. ரயில்ட்ராக்கின் பாவத்துக்கு அதன் வாரிசான நெட்வொர்க் ரயில் 35 லட்சம் கட்டியது. அந்த நாலு பேரின் சாவுக்கு ஒரு மனிதரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போது அந்தப் பறவையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஃபெசன்ட் செத்தால் 400 பேர் உட்கார்ந்து, அளந்து, வாதாடி, யார் பொறுப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நாலு மனிதர் செத்தால் தீர்ப்பில் எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் செயல்திறன் என்று சொல்லி விற்றார்கள். விற்றவர்களில் ஒருவர்கூட இன்றுவரை மன்னிப்புக் கேட்டு ஒரு நிலைய வாசலில் நின்றதில்லை.

வாசலில் நின்றவர்கள்

நிலைய வாசலில் நின்றவர்கள் வேறு. ஒவ்வொரு ஜனவரியும் கட்டணம் உயரும் முதல் வேலை நாளில், குளிரில் மூக்குச் சிவக்க, பதாகையும் துண்டறிக்கையுமாக நின்றார்கள். ரயில் தொழிற்சங்கக்காரர்கள். 2009-ல் தொடங்கிய ‘பிரிங் பேக் பிரிட்டிஷ் ரயில்’ இயக்கத்தார். ‘வீ ஓன் இட்’ இயக்கத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாதாந்தர சீட்டுக்கே சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்தவர்கள். எழுபதுகளுக்குத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று தலையங்கங்கள் கேலி பேசின. எழுபதுகளுக்குத் திரும்பினால் என்ன மோசம்? 1849-க்குத் திரும்பியவர்களை யாரும் கேலி செய்யவில்லையே.

ரயிலை மீட்கப் பணம் எங்கே, இழப்பீடு எங்கே என்று எதிர்த்தவர்கள் மிரட்டினார்கள். இயக்கத்தார் சொன்ன கணக்கு, வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வைத்த எவருக்கும் புரியும். குத்தகை முடிகிற தேதி ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது; முடியும்போது புதுப்பிக்காதே, சாவியை வாங்கிக்கொள். காலணா இழப்பீடு வேண்டாம். பசுமைக் கட்சியின் கரோலின் லூகாஸ் இதையே தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் வைத்தார். காற்றில் விட்டார்கள். கருத்துக் கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் வாக்காளரிலேயே பாதிக்கு மேல் இதை ஆதரித்த காலத்திலும் காற்றில் விட்டார்கள். 2024 நவம்பர் 28-ல் சட்டமாகிய பொதுவுடைமைச் சட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்கைத்தான் காப்பியடித்திருக்கிறது. வாசலில் நின்றவர்கள் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை. என் அழைப்பிதழிலும் விட்டுப்போயிற்று. விழா என்றால் அப்படித்தான் ஆகிறது.

நன்றியுரை

சவுத் வெஸ்டர்ன் வந்தது. 2025 ஜூலையில் எஸ்ஸெக்ஸ் தடம், அக்டோபரில் கிரேட்டர் ஆங்கிலியா. கம்பெனிகளுக்கு அழுத கட்டணத்தில் ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு வரை மிச்சம் என்கிறது அரசு. மகிழ்ச்சி. பெயர்ப்பலகை எழுதுங்கள், கொடி ஒட்டுங்கள்.

கூட்டம் கலைகிறது. பொன்னாடைகளை மடித்துக்கொண்டு பெரியவர்கள் காரில் ஏறுகிறார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. இப்போது அறிமுகம் செய்கிறேன். இவர்தான் பந்தல்காரர், அந்த ஊரில் இவருக்குப் பெட்டி வாடகைக் கம்பெனி என்று பெயர்.

நாடு தன் காசில் செய்த பெட்டிகளை 1990-களின் நடுவில் இவர் கையில் கொடுத்தார்கள். மூன்று கம்பெனிகளில் ஒன்றான போர்ட்டர்புரூக் 52 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டு, அதே 1996-ஆம் ஆண்டிலேயே 82 கோடியே 50 லட்சத்துக்குக் கைமாறியது. நடுவில் ஒரு பெட்டிக்கு வெள்ளை அடித்ததாகக்கூடத் தகவல் இல்லை. எண்பதுகளில் பஸ் பாகங்களை வைத்து அவசரத்துக்குச் செய்த பேசர் வண்டிகள், இருபது வருஷம் ஓடினால் போதும் என்று கட்டப்பட்டவை, வடக்கில் 2020 வரையும் வேல்ஸில் 2021 வரையும் ஜனத்தைக் குலுக்கியெடுத்தன. ஜனம் ஏற்கெனவே விலை கொடுத்த வண்டிக்கு ஜனத்திடமே வாடகை. தொற்றுக் காலத்தில் பெட்டிகள் காலியாக ஓடியபோதும் வாடகை நிற்கவில்லை. 2022-23-ல் மட்டும் இந்தக் கம்பெனிகள் பிரித்த ஈவுத்தொகை 40 கோடி பவுண்டுக்கு மேல். புதிய சட்டம் மிச்சம் பிடிக்கும் 15 கோடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சட்டம் இவரைத் தொடவில்லை. வோக்கிங்கிலிருந்து கிளம்பிய அந்த வண்டியில் தண்டவாளம் மக்களுடையது, ஓட்டுநர் மக்களுடைய ஊழியர், கால அட்டவணை மக்களுடையது. பெட்டிக்கு மட்டும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் இவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

பந்தல்காரர் துண்டுச்சீட்டை நீட்டினார். பந்தல், மைக்செட், நாற்காலி. நாற்காலி எண்ணிக்கை அதிகமாக இருக்கிறதே என்று இடதுபுறம் கைகாட்டினேன்.

“அந்த நாற்பத்தொன்பதையும் சேர்த்திருக்கீங்களே. அதுல யாரும் வந்து உட்காரலையே.”

“ஆள் வர்றது உங்க பொறுப்பு சார்,” என்றார். “நாற்காலி வந்துச்சுல்ல?”